நீடித்த வளர்ச்சி: யாருக்கு நீடிக்க வேண்டும்?

2 செப்டம்பர் 2024, குறிஞ்சிப்பாடி வாசகி

அண்ணா, குரூப் 1 தேர்வுக்குப் படிக்கிறேன். நீடித்த வளர்ச்சி என்றால் "வருங்காலத் தலைமுறையினர் தங்கள் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் திறனுக்குக் குந்தகம் இல்லாமல், இன்றைய தேவைகளை நிறைவு செய்யும் வளர்ச்சி" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் எங்கள் கடலூர் மாவட்டத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் சுரங்க மண்மேடு, ஒரு பக்கம் ரசாயனப் பேட்டை. இந்த வரிக்கு இங்கே ஏதாவது பொருள் இருக்கிறதா? பணக்கார நாடுகள் தாங்கள் வளர்ந்து முடித்துவிட்டு, நம்மை வளரவிடாமல் செய்யக் கண்டுபிடித்த பேச்சு என்றுதான் எனக்குப் படுகிறது.

2 செப்டம்பர், இரவு

கேள்வியின் பின்பாதிக்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்த வரையறையை எழுதியது 1983-ல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்து அமைத்த ஆணையம். நார்வேயைச் சேர்ந்த க்ரோ ஹார்லம் புருன்ட்லாண்ட் தலைவர். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். நம் நாட்டிலிருந்து பன்னாட்டு நீதிமன்ற நீதிபதி நாகேந்திர சிங் இருந்தார். 1987-ல் அறிக்கை வந்தது. ஆக, பணக்காரர்கள் மட்டும் கூடி எழுதியது என்று சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் சந்தேகம் வெறும் சந்தேகம் இல்லை. நாம் எல்லோரும் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறோம். பாடப்புத்தகமும் அங்கேதான் நிற்கிறது. அதை ஒட்டி வரும் வரிகளில்தான் உயிர் இருக்கிறது. இந்த வரையறைக்குள் இரண்டு கருத்துகள் அடங்கியிருக்கின்றன என்கிறது அறிக்கை. ஒன்று, தேவை, குறிப்பாக உலகத்து ஏழைகளின் அடிப்படைத் தேவை, அதற்குத்தான் முதலிடம். இரண்டாவது, எல்லை, இன்றைய தொழில்நுட்பமும் சமூக அமைப்பும் இருக்கும் நிலையில் இயற்கையால் இவ்வளவுதான் தர முடியும் என்ற எல்லை.

இந்த இரண்டையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது யாரும் மறுக்காத ஒரு நல்ல வாக்கியம். சுரங்கக்காரரும் சொல்லலாம், நிலத்தை இழந்தவரும் சொல்லலாம். ஏழைக்கு முதலிடம், இயற்கைக்கு எல்லை என்று இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அது யாரையாவது கேள்வி கேட்கும்.

4 செப்டம்பர்

ஒரு நண்பர், "1972-லேயே இந்திரா காந்தி ஸ்டாக்ஹோமில் 'வறுமைதான் மிகப் பெரிய மாசு' என்று சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன சுற்றுச்சூழல்?" என்று எழுதியிருக்கிறார். இந்த மேற்கோள் ஊர் ஊராகச் சுற்றிச் சுற்றித் தேய்ந்துவிட்டது. 1972 ஜூன் 14 அன்று ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மனிதச் சூழல் மாநாட்டில் அவர் கேட்டது ஒரு கேள்வி: வறுமையும் இல்லாமையும்தானே மாசுபடுத்துவதில் முதலிடத்தில் இருக்கின்றன? அதோடு நிற்கவில்லை. காட்டிலும் காட்டை ஒட்டியும் வாழ்கிறவர்களுக்கு அன்றாடத் தேவைக்கு வழி செய்து கொடுக்காமல், காட்டில் கை வைக்காதே என்று அவர்களைத் தடுக்க முடியாது என்றார். வறுமை தீரும் வரை சுற்றுச்சூழலைத் தூக்கி ஓரமாக வை என்பதல்ல அதன் பொருள். இரண்டையும் ஒன்றாகத்தான் தீர்க்க முடியும் என்ற வாதம் அது. பதினைந்து வருடம் கழித்து வந்த புருன்ட்லாண்ட் அறிக்கை இந்த வாதத்தைத்தான் விரித்து எழுதியது என்று நினைக்கிறேன்.

அதே 1972-ல்தான் 'வளர்ச்சியின் எல்லைகள்' என்ற ஆய்வும் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி வைத்துக் கணக்குப் போட்டு, மக்கள் தொகையும் உற்பத்தியும் இதே வேகத்தில் ஏறினால் நூறு ஆண்டுகளுக்குள் பூமி தாங்காமல் போகும் என்றார்கள். ஒரு பக்கம் "எல்லை" என்று எச்சரிப்பவர்கள், மறுபக்கம் "எங்களுக்கு முதலில் சோறு" என்று கேட்கும் நாடுகள். இந்த இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்கப் பிறந்ததுதான் நீடித்த வளர்ச்சி என்ற கருத்து. அதன் பலமும் பலவீனமும் இதுதான்.

4 செப்டம்பர், சற்று நேரம் கழித்து

உண்மையில் இந்தக் கருத்தின் பிறப்பு இன்னும் பழையது. ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்கத் துறைத் தலைமை அதிகாரியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபோன் கார்லோவிட்ஸ் 1713-ல் காடு வளர்ப்பு பற்றி எழுதினார். வெள்ளித் தாதுவை உருக்க விறகு வேண்டும், காடோ காலியாகிக்கொண்டிருந்தது. வளர்கிற அளவுக்குள்தான் வெட்ட வேண்டும் என்றார். அவர் கவலை மரத்தைப் பற்றியதைவிட, அடுப்பு அணைந்துவிடக் கூடாதே என்பதுதான். ஒரு தொழிற்சாலைக்காரரின் கவலையிலிருந்து இந்தக் கருத்து பிறந்தது என்பதை நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன். தொழில் வேண்டும் என்பவர்களும் இதைப் பேச உரிமை உள்ளவர்கள்தான்.

11 செப்டம்பர்

சரி, நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். என் பூர்வீகம் பண்ருட்டிப் பக்கம் செம்மண் மேட்டில். தாத்தா காலத்தில் முந்திரி, பலா, மானாவாரி மல்லாட்டை (நிலக்கடலை), கம்பு. மழை பெய்தால் விளையும், இல்லாவிட்டால் முந்திரிக்கொட்டை விற்ற காசில் வருடத்தை ஓட்ட வேண்டும். மேட்டு நிலத்தில் கிணறு வெட்டி ஈரம் பார்ப்பது லேசான காரியம் இல்லை.

அப்பா போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டார். அந்தப் பகுதியில் எல்லோரும் போட்ட காலம் அது. 1990-லிருந்து விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். முந்திரி இருந்த இடத்தில் ஒரு பகுதி கரும்பானது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தால் வீட்டில் பண்டிகை மாதிரி இருக்கும். அந்தக் கரும்புக் காசில்தான் நான் பாலிடெக்னிக் படித்தேன், அக்கா கல்யாணம் நடந்தது, ஓட்டு வீடு மெத்தை வீடானது.

அப்புறம் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. மோட்டாரை இறக்கும் நாளை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். போர் வாயின் மேல் இரும்பு முக்காலி நட்டு, செயின் பிளாக் மாட்டி, குழாயை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கழற்றுவார்கள். கடைசியாக மோட்டார் வரும், உடம்பெல்லாம் செந்நிறச் சேறு அப்பியிருக்கும். கயிற்றில் கல்லைக் கட்டி உள்ளே விட்டுத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். ஈரம் ஏறின இடத்தைக் கயிற்றில் விரலால் பிடித்துக் காட்டும்போது யாரும் பேச மாட்டார்கள். பிறகு மிஸ்திரி, "இன்னும் ரெண்டு பைப் சேத்து இறக்கணும்ணே" என்பார். அடுத்த சில வருடங்களில் மறுபடியும் அதே வார்த்தை. ஒரு கட்டத்தில் பழைய போரை விட்டுவிட்டுப் புது போர். பக்கத்துக் கொல்லைக்காரர் நம்மைவிட ஆழமாகப் போடுவார், அவரைவிட ஆழமாக இன்னொருவர்.

எங்கள் மாவட்டத்தின் தாழ்வான பகுதிகளில் ஒரு காலத்தில் மோட்டாரே இல்லாமல் தானாகப் பொங்கி வழியும் போர்கள் இருந்தன. நிலத்தடியில் அவ்வளவு அழுத்தம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அதே அழுத்த நீர்தான் இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை வெடிக்காமல் நிற்கும். தண்ணீர் இறங்கினதற்குச் சுரங்கம்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். விவசாய மோட்டார்கள்தான் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் ஒரே பூமியிலிருந்துதான் எடுக்கின்றன. ஒருவர் எடுப்பதைக் காட்டி மற்றவர் எடுப்பதை நியாயப்படுத்த முடியாது.

இப்போது கேள்வி கேட்ட தங்கைக்கு: அப்பா போட்ட போர் இன்றைய தேவையா, வருங்காலத்தின் பங்கைப் பறித்ததா? என்னால் ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. மானாவாரியில் காய்ந்துகொண்டிருந்த குடும்பத்துக்கு அது அடிப்படைத் தேவை. அதே சமயம், இன்று அந்த மேட்டில் விவசாயத்தைத் தொடங்க நினைக்கும் இருபது வயதுப் பையன், என் அப்பா செலவழித்ததைப் போல் பல மடங்கு போட்டால்தான் தண்ணீரைத் தொட முடியும்.

12 செப்டம்பர்

"அப்போ போர் போட்டது தப்புன்னு சொல்றீங்களா?" என்று இருவர் கேட்டுவிட்டார்கள். இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் யாருமே தப்பு செய்யவில்லை. எத்தனை போர், எவ்வளவு ஆழம், எந்தப் பயிர் என்று கூடிப் பேசி முடிவெடுக்க ஓர் இடம் இல்லாமல் போனதுதான் கோளாறு. ஏரிக்கு இவ்வளவு நிலத்துக்குத்தான் பாசனம் என்ற ஆயக்கட்டு இருந்தது, மடை திறக்க ஆள் இருந்தார், முறைத் தண்ணீர் இருந்தது. நிலத்தடி நீருக்கு அப்படி எதையும் நாம் உருவாக்கவே இல்லை. புருன்ட்லாண்ட் சொன்ன "சமூக அமைப்பு விதிக்கும் எல்லை" என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

15 செப்டம்பர்

மேலே கரும்புக் காசில் படித்தேன் என்று எழுதியதையே பொருளாதார அறிஞர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடியிருக்கிறார்கள். தேர்வுக்கும் உதவும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1987-ல் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் சோலோவின் பக்கம் இப்படி: அடுத்த தலைமுறைக்கு இதே மரம், இதே தாது என்று ஒவ்வொன்றையும் விட்டுப்போக வேண்டியதில்லை. நம்மளவு நன்றாக வாழும் திறனை விட்டுப்போனால் போதும். நிலத்தடி நீர் குறைந்ததா? அதற்கு ஈடாகப் படிப்பு, வீடு, இயந்திரம், சாலை பெருகியிருந்தால் கணக்கு நேர். ஹெர்மன் டேலி இதை ஏற்கவில்லை. மீன்பிடிப் படகுகள் எவ்வளவு இருந்தாலும் கடலில் மீன் இல்லாவிட்டால் என்ன பயன் என்று கேட்டார். அவர் மூன்று விதிகள் சொன்னார்: புதுப்பிக்கக்கூடிய வளத்தை அது தழைக்கும் வேகத்துக்குள் எடு. கழிவை இயற்கை செரிக்கும் வேகத்துக்குள் கொட்டு. தீர்ந்துபோகும் வளத்தை, அதற்கு மாற்று உருவாகும் வேகத்துக்குள் செலவழி.

என் கதை சோலோவுக்குச் சாட்சி. என் ஊரின் கதை டேலிக்குச் சாட்சி. தண்ணீர் என் சான்றிதழாக மாறியது, நான் அதை எடுத்துக்கொண்டு கடலூருக்கு வந்துவிட்டேன். ஊரில் இருப்பவர்களுக்கு எதுவும் மாறி வரவில்லை. இதைத்தான் தங்கை கவனிக்க வேண்டும். ஈடு கிடைத்தது என்று கணக்கு எழுதுவது சுலபம், யாருக்குக் கிடைத்தது என்று ஒரு பத்தி சேர்த்து எழுதினால்தான் அது முழுக்கணக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலவற்றுக்கு ஈடே கிடையாது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலூர் மாவட்டக் கரையை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2005-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அலையாத்தி மரங்களுக்கும் சவுக்குத் தோப்புக்கும் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று அது காட்டியது. சுவர் கட்டினால் போதாதா என்று கேட்கலாம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இருளர்கள் பறி என்ற மீன்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் வேர்களுக்கிடையே கையால் தடவி இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்தச் சுவரும் இறால் குஞ்சை வளர்க்காது. அங்கே பழைய காலத்தில் மொத்தமாக வெட்டியதால் நிலம் பள்ளமாகி, தண்ணீர் தேங்கி, உப்பேறி, மரம் முளைக்காமல் கிடந்த இடங்கள் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறை, ஊர் மக்கள் மூவரும் சேர்ந்து மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடல் நீர் ஏறி இறங்க வழி செய்தார்கள். செடி நட்டார்கள். இன்று காடாக நிற்கிறது. எல்லையை மதிப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

16 செப்டம்பர்

குமரப்பாவை விட்டுவிட்டீர்களே என்று மதுரையிலிருந்து ஒருவர் கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர், சிறையில் இருந்தபடி நிலைத்த பொருளாதாரம் பற்றி எழுதினார். 1945-ல் வெளிவந்தது. புருன்ட்லாண்டுக்கு நாற்பது வருடம் முன்பே. தின்று அழிக்கும் பொருளாதாரத்திலிருந்து, தேனீயைப் போலக் கூட்டுக்காக உழைக்கும் பொருளாதாரம் வழியாக, கைம்மாறு கருதாத தொண்டுவரை படிப்படியாக அடுக்கிக் காட்டினார். நிலக்கரியும் எண்ணெயும் கையிருப்பு, மரமும் ஆற்று நீரும் வரவு; கையிருப்பை எடுத்துத் தின்னும் பொருளாதாரம் ஒரு நாள் சண்டையில்தான் முடியும் என்று அவர் சொன்னது தணிக்கையாளரின் பார்வை. கடைசிக் காலத்தைக் கல்லுப்பட்டியில் கழித்தார். தேர்வில் கேட்காவிட்டாலும் படியுங்கள்.

6 அக்டோபர்

உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் புதுச்சேரி போயிருந்தேன். முத்தியால்பேட்டையிலிருந்து வைத்திக்குப்பம் வரை நடந்தேன். இந்த இழையில் இதுவரை நான் எழுதியதில் ஒரு விஷயம் விடுபட்டிருப்பது அங்கேதான் உறைத்தது.

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு முன்னால் ஒரு காலத்தில் அகலமான மணல் இருந்தது. 1980-களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைதாங்கிச் சுவர்கள் கட்டினார்கள். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதை மறித்தது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்தின் கரை கரைந்தது. இதை முன்கூட்டியே அறிந்துதான், தெற்கில் சேரும் மணலை எடுத்து வடக்கே தள்ளும் ஏற்பாட்டையும் திட்டத்தில் சேர்த்திருந்தார்கள். அது ஒழுங்காக நடக்கவில்லை. பிறகு கரையைக் காக்கப் பாறாங்கல் கொட்டினார்கள். கல் கொட்டின இடத்தில் அரிப்பு நின்றது, அதற்கு வடக்கே இருந்த ஊரில் தொடங்கியது. அந்த ஊர் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல்தடுப்பு, கேட்டது. தூண்டில் வளைவு போட்டதும் அதற்கும் வடக்கே. இப்படியே எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று அரிப்பு ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

வைத்திக்குப்பத்தில் கல் மேல் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "கரை இருந்தாத்தானய்யா கரைவலை. கல்லு மேல நின்னு எப்பிடி வலய இழுக்குறது?" கரைவலைக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் மணலில் காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டும். மணல் போனதும் அந்தத் தொழிலே போய்விட்டது. படகை ஏற்றிவைக்கவும் வலையைக் காயப்போடவும்கூட இடம் இல்லை.

நாம் எப்போதும் வருங்காலத் தலைமுறை, வருங்காலத் தலைமுறை என்கிறோம். வடக்கே இருக்கும் ஊர் இன்றைய தலைமுறைதானே? ஒருவரின் வளர்ச்சிக்கு இன்னொருவர் ஈடு கட்டுவது நாளைக்கு நடக்கப்போவதில்லை, இன்றே பக்கத்து ஊரில் நடக்கிறது. பிறக்காத குழந்தைக்காகக் கவலைப்படுவது எளிது, அது வந்து மனுக் கொடுக்காது. கோட்டக்குப்பத்து மீனவர் கொடுப்பார். அதனால்தானோ என்னவோ, மேடைகளில் முதலாமவரைப் பற்றியே அதிகம் பேசுகிறோம்.

பின்னாளில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இரும்பால் ஆன தடுப்பு ஒன்றை மூழ்கவைத்து, கொஞ்சம் மணலைத் திரும்பக் கொண்டுவந்தது. மாலையில் பிள்ளைகள் அதில் விளையாடுவதைப் பார்க்க மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது. வடக்கே அதன் விளைவு என்ன என்று வடக்கே இருப்பவர்களிடம் கேட்டு எழுதினால்தான் முழுக் கதை ஆகும்.

8 அக்டோபர்

நீடித்த வளர்ச்சியின் மூன்று தூண்கள் பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2002 ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில்தான் பொருளாதாரம், சமூகம், சுற்றுச்சூழல் என்று மூன்று தூண்களை உலக நாடுகள் அறிவிப்பில் எழுதின. படம் போட வசதியான கருத்து. ஆனால் எனக்கு அதில் உடன்பாடு குறைவு. மூன்றும் சமம் என்று வைத்துவிட்டால் பேரம் தொடங்கிவிடுகிறது: இந்தத் தூணில் கொஞ்சம் வெட்டி அந்தத் தூணில் கொஞ்சம் ஒட்டு. தண்ணீர் இல்லாத ஊரில் பொருளாதாரத் தூண் எங்கே நிற்கும்?

2015 செப்டம்பரில் ஐ.நா.வில் நாடுகள் ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகள் பற்றியும் கேட்டிருந்தார். 2000-ல் வந்த எட்டு ஆயிரமாண்டு வளர்ச்சி இலக்குகள் ஏழை நாடுகளுக்கு மட்டுமான வீட்டுப்பாடமாக இருந்தன. 17 இலக்குகளோ எல்லா நாடுகளுக்கும் பொது, பணக்கார நாடும் தன் நுகர்வைக் கணக்குக் காட்ட வேண்டும். இது பெரிய முன்னேற்றம், தங்கையின் முதல் குற்றச்சாட்டுக்கு இதுவும் ஒரு பதில். குறை என்னவென்றால் 17-க்குள் 169 உள் இலக்குகள். ஒவ்வொரு அரசும் நிறுவனமும் தனக்குச் சாதகமான நாலைந்தை எடுத்து அட்டையில் அச்சடித்துக்கொள்கின்றன. 2024-ல் ஐ.நா. வெளியிட்ட அறிக்கைப்படி, அளவிட முடிந்த உள் இலக்குகளில் சரியான பாதையில் இருந்தவை 17 சதவீதம்தான். கெடு 2030.

9 டிசம்பர்

இரண்டு மாதமாக எழுத முடியவில்லை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட, தென்பெண்ணை பொங்கி கடலூரின் ஆற்றோர நகர்களுக்குள் வந்துவிட்டது. எங்கள் உறவினர் வீட்டில் சேற்றை வாரவே பல நாள் ஆனது. மாவு அரைக்கும் கிரைண்டர், பிள்ளையின் புத்தகப் பை, கல்யாணப் புடவைகள் எல்லாவற்றிலும் ஒரே வண்டல். புடவையை அலசியபடி அக்கா, "இந்த மனை விலை குறைச்சல்னுதானேடா வாங்குனோம்" என்றார்.

2004 சுனாமி, 2011 'தானே' புயல், 2015 வெள்ளம், இப்போது இது. தானே வந்தபோது பண்ருட்டிப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. முந்திரி மறுபடி காய்க்க வருடங்கள் ஆகும், அதுவரை காத்திருக்க வழியில்லாதவர்கள்தான் நிலத்தை விற்றார்கள். ஒரே புயல் எல்லோர் மேலும்தான் அடிக்கிறது, எழுந்து நிற்க ஆகும் காலம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஏழைகளின் தேவைக்கு முதலிடம் என்று செப்டம்பரில் எழுதினேன். அதில் ஆற்றின் வழியில் இல்லாத ஒரு மனையும் அடக்கம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

14 டிசம்பர்

தங்கை மறுபடி கேட்கிறார்: "அறிக்கை, மாநாடு எல்லாம் சரி. சட்டத்தில் இதற்குப் பல் இருக்கிறதா?"

இருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கிலிருந்தே வந்தது. வேலூர்ப் பக்கத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறு பாழானது பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வளர்ச்சியும் சூழலும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற பழைய எண்ணம் இனி செல்லாது, நீடித்த வளர்ச்சிதான் விடை என்றது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. 1992 ரியோ மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்ட கொள்கைகள் இவை. அதே 1996 டிசம்பரில் கடலோர இறால் பண்ணைகள் பற்றிய வழக்கிலும் இதே அடிப்படையில் தீர்ப்பு வந்தது. முன்னெச்சரிக்கை என்பதில் முக்கியமான விஷயம், கெடுதல் வராது என்று நிரூபிக்கும் பொறுப்பு ஆலை வைக்க வருபவரைச் சேரும். கெடுதல் வந்தது என்று நோயாளி நிரூபிக்க வேண்டியதில்லை.

நடைமுறையில் சுமை நோயாளி தலையில்தான் விழுகிறது. கடலூர் உப்பனாற்றங்கரையில் 1980-களில் வந்த சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி மக்கள் செய்ததை இங்கே பதிவு செய்ய ஆசைப்படுகிறேன். காற்று நாறுகிறது என்று புகார் சொன்னால், அதிகாரிகள் வரும் நேரத்தில் நாற்றம் இருக்காது. அதனால் 2004 வாக்கில் ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, எந்த நாள், எந்த நேரம், காற்று எந்தத் திசை, என்ன நாற்றம் என்று குறித்துவைத்தார்கள். அழுகின முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கலாம், அழுகின முட்டைக்கோஸ் என்றால் மெர்காப்டன் இருக்கலாம். மூடிய பிளாஸ்டிக் வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். விவசாயக் கூலிகளும் மீனவர்களும் தங்கள் மூக்கையே அளவுகோலாக்கி அரசை அசைத்தார்கள். இந்தக் கருத்தின் வரலாற்றை யாராவது முழுசாக எழுதினால் புருன்ட்லாண்டுக்குக் கொடுக்கும் பக்கங்களை இவர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

19 ஜனவரி 2025

இழையில் புதிதாக வந்த ஒருவர், தன் ஊர்ப் பக்கம் ஒரு திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வரப்போவதாகவும், எழுந்து நின்று என்ன பேசுவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். தம்பி, மாநாடுகள் பற்றிப் பேச வேண்டாம். இதைச் செய்யுங்கள்.

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும், அதில் ஒன்று தமிழ் நாளிதழ். மதிப்பீட்டு வரைவறிக்கையும் தமிழில் அதன் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். முதலில் போய்ச் சுருக்கத்தை வாங்கிப் படியுங்கள். தண்ணீர் எங்கிருந்து எவ்வளவு எடுக்கிறார்கள், கழிவை எங்கே விடுகிறார்கள், அந்தத் திசையில் அடுத்த ஊர் எது, அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கூட்டம் பற்றித் தெரியுமா என்று பாருங்கள். தெரியாவிட்டால் நீங்களே போய்ச் சொல்லிக் கூட்டி வாருங்கள்.

கூட்டத்தில் ஒரு கேள்வி, ஒரே கேள்வி கேட்டாலும் போதும்: "வேலை யாருக்கு, லாபம் யாருக்கு, தண்ணீர் குறைந்தால் நட்டம் யாருக்கு? மூன்று பட்டியலையும் ஊர் பேரோடு தாருங்கள்." தணிப்பு நடவடிக்கை என்று அறிக்கையில் எதையாவது எழுதியிருந்தால், அது நடக்காமல் போனால் யார் பொறுப்பு, எந்த நாளுக்குள், எந்தப் பணத்தில் என்றும் கேளுங்கள். புதுச்சேரியில் மணல் தள்ளும் ஏற்பாடு காகிதத்தில் இருந்தும் கரை போனதை உதாரணமாகச் சொல்லலாம். எழுத்தாகவும் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டி, அன்றைக்கே தலைமை வகித்த அதிகாரி கையெழுத்திட வேண்டும் என்பது விதி. பலர் பேசி முடித்ததும் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் கிளம்பாதீர்கள். உங்கள் கேள்வி அதில் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, விட்டிருந்தால் அங்கேயே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள்.